மேக்காத்தும் ஒன்பது மணியும்

ஜூலை 18, வெள்ளி

காலையில் இருந்தே காற்று. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் உட்கார முடிகிறது. இல்லையென்றால் பம்ப் மோட்டார்கள் எல்லாம் செம்மண் பூசிக்கொள்கின்றன. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் விலை கேட்டார், இன்னொருவர் போடி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

மதியம் துப்பாக்கிக் கழகச் செயலாளரிடம் இருந்து போன். அடுத்த சனிக்கிழமை சுருளிப்பட்டியில் நெடுந்தூரப் போட்டி. தேனிக் கழகத்தில் இருந்து இரண்டு ஜோடி போகலாம். டாக்டரும் அவர் மருமகனும் ஒன்று. நானும் இவரும் ஒன்று. இரண்டில் எந்த ஜோடி அதிகப் புள்ளி எடுக்கிறதோ அதற்குத்தான் மாநிலப் போட்டி. அந்த ஜோடிக்குத்தான் ஒரு வருஷத்துக்குச் சீமைக்காரி.

சீமைக்காரி என்பது கழகத்தின் ஒரே நல்ல ரைபிள். பாயிண்ட் டூ டூ. கனத்த குழல், விரல் பட்டாலே வேலை செய்யும் ட்ரிக்கர். நான்கு வருஷமாக டாக்டர் கையிலேயே குடித்தனம். எனக்கு வாய்த்தது கிழவி, கழகத்தின் பழைய ரைபிள். அதன் ட்ரிக்கரை இழுப்பதும் அம்மிக் குழவியை நகர்த்துவதும் ஒன்று.

செயலாளர் கடைசியாகச் சொன்னதைத்தான் எழுதி வைக்க வேண்டும். "டாக்டர் இருக்காக, நமக்கென்ன கவல. நீங்க சும்மா வந்து நில்லுங்கம்மா, ரெண்டு ஜோடி காட்டணும்ல."

படுத்துச் சுடுகிற போட்டியில் என்னை நிற்கச் சொல்கிறார். இருக்கட்டும்.

வாங்க வேண்டியது: காது அடைப்பான், முழங்கைக்குப் பஞ்சுப் பட்டை, கருவாடு.

ஜூலை 19, சனி

இவர் போனில் பாலிஸ்டிக் கால்குலேட்டர் ஆப் ஒன்றைக் காசு கொடுத்து இறக்கியிருக்கிறார். இரவு சாப்பிடும்போதும் அதேதான் பேச்சு. தூரம், குண்டின் எடை, குழலை விட்டுக் கிளம்பும் வேகம், காற்று, வெயில் எல்லாம் கொடுத்துவிட்டால், ஸ்கோப்பை மேலே எத்தனை கிளிக், பக்கவாட்டில் எத்தனை கிளிக் திருக வேண்டும் என்று சொல்லிவிடுமாம்.

இதுவரை அது எங்கள் தலைக்குள் நடந்தது. இனி இவர் போனுக்குள் நடக்கும். வேலையைப் பிரித்துக்கொண்டோம். கணக்கு இவருக்கு, சுடுவது எனக்கு. இவர் சொல்லும் எண்ணை நான் திருகுவேன், கேள்வி கேட்க மாட்டேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாக்கு நான் கொடுத்ததே இல்லை. அதில் இவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மகள் கோவை ஹாஸ்டலில் இருந்து மெசேஜ்: "அப்பாவ நம்பி சுடப் போறியா? இன்சூரன்ஸ் இருக்கா?"

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து பிரியாணியைக் கட்டிக்கொண்டு நேரே ரேஞ்சுக்கு. பெரியகுளம் ரோட்டில், வடக்கே மலையைப் பார்த்துச் சுடுகிற நம் பழைய இடம்.

நூறு மீ. ஆப் சொன்னபடி திருகினேன். அடி. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை, தானே குண்டைக் கையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி.

இருநூறு மீ. ஆப் சொன்னபடி திருகினேன். குறியாக நிற்கும் இரும்புத் தகட்டுக்குக் கீழே மண் தெறித்தது. இன்னொன்று, அதே மண். இன்னொன்று, அதே மண். இவர் போனை முறைத்தார். நான் இவரை முறைத்தேன்.

கோளாறு ஆப்பில் இல்லை. குண்டு வேகத்தைத் தோட்டா டப்பாவில் அச்சடித்ததைப் பார்த்து அடித்திருக்கிறார். அது கம்பெனிக்காரன் புதுத் துப்பாக்கியில் அளந்த வேகம். கிழவிக்கு அந்த வேகம் ஏது? வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, குண்டு நிஜமாக விழுகிற இடமும் ஆப் சொல்கிற இடமும் ஒன்றாகிற வரை சரி செய்தோம். அதன் பிறகு நூறு, நூற்றைம்பது, இருநூறு எல்லாம் அச்சு அசலாக வந்தது. எத்தனை கிளிக் ஏற்ற வேண்டும் என்பதில் இனி இந்த ஆப்பை நம்பலாம். என் கையாலேயே எழுதுகிறேன்.

பிரியாணியில் மண்.

ஜூலை 22, செவ்வாய்

கடையை மூன்று மணிக்கே பூட்டிவிட்டு ரேஞ்ச். இன்று காற்றுப் பயிற்சி. பாதி நேரம் சண்டை.

இவர் தாம்பரத்துக்காரர். தேனிக்கு வந்து மகளே காலேஜ் போய்விட்டாள், இன்னும் திசை சொன்னால் முழிப்பார். நமக்கு எல்லாமே திசைதான். அடுப்புக்கு மேக்க உப்பு, பீரோவுக்குத் தெக்க சாவி. குண்டு எங்கே விழுந்தது என்று கேட்டால் என் வாயில் தானாக "கெழக்க போயிருச்சு" என்றுதான் வருகிறது.

"லெப்ட்டா ரைட்டா, அத சொல்லு மொதல்ல" என்கிறார்.

சுட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் லெப்ட், ரைட் என்று யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் புழுதி அடங்கிவிடும். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கிழக்கு என்றால் வலது, மேற்கு என்றால் இடது. மனப்பாடம் செய்துகொண்டார். ஆப்பில் காற்றைக் கடிகார முள் மாதிரிக் கொடுக்க வேண்டும். குறிப்பலகை பன்னிரண்டு மணி, இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் மூன்று. நான் "மேக்காத்து" என்றால் இவர் ஒன்பதில் வைப்பார். அதன்பின் ஒரு வார்த்தை சண்டை இல்லை. பத்துக்கு எட்டு. இருட்டும் வரை சுட்டோம்.

திரும்பும் வழியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கேட்காமலே.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் கடைக்கு வந்தார். வீட்டு போர்வெல்லுக்கு மோட்டார் வேண்டுமாம். மோட்டார் பார்த்தது கொஞ்ச நேரம், புதிதாக வரவழைத்த காற்று மீட்டரைக் காட்டியது வெகுநேரம். உள்ளங்கை அகலம், மேலே குட்டி விசிறி. பிடித்தால் போதும், காற்றின் வேகத்தை அதுவே அவர் போனுக்கு அனுப்பும், போன் கிளிக் சொல்லும்.

"நாம நெனைக்கிறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லம்மா. அது சொன்னதத் திருகணும், சுடணும். மனுசன் குறுக்க போனாத்தான் தப்பு வரும்" என்றார்.

மனிதர் நல்லவர்தான். என் தோள் பிசகியபோது காசு வாங்காமல் பார்த்தவர். அதற்காக அவர் பேச்சு பிடிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் எங்களிடம் மீட்டர் இல்லை. நான் கண்ணால் பார்த்து மெதுவு, நடு, வேகம் என்று சொல்வேன், இவர் அதற்கு ஓர் எண் போடுவார். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

பயமாக இருக்கிறது. தோற்பதற்கு இல்லை. தோற்ற பிறகு செயலாளர் ஆறுதல் சொல்வாரே, அதற்கு.

டாக்டர் மோட்டார் வாங்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

விடியும் முன்பே கிளம்பி சு.பட்டி. துப்பாக்கிகள் கழக வண்டியில், நாங்கள் பைக்கில். உத்தமபாளையம் தாண்டியதும் வயல் பச்சை கண்ணில் அடிக்கிறது.

புது ரேஞ்ச் ரொம்ப அழகு. சுடுகிற இடத்துக்கு மேற்கே நெருக்கமாகத் தென்னந்தோப்பு, நல்ல நிழல். அதைத் தாண்டிக் குறிப்பலகை வரை ஓரம் முழுக்கத் திராட்சைப் பந்தல். குருவி வராமல் இருக்கப் பந்தல் மேல் பளபளவென்று நாடா கட்டியிருக்கிறார்கள். எதிரே தெற்கே மலை.

துப்பாக்கியைச் சரிபார்க்கக் காலையில் மட்டும் நேரம் கொடுத்தார்கள். இலை அசையவில்லை. ஐம்பது சரி, நூறு சரி. இவர் ஆப்பில் நம் தேனி ரேஞ்ச் விவரத்தையே திறந்து உயரத்தை மட்டும் மாற்றினார். ஐந்து நிமிஷ வேலை என்றார்.

கம்பத்தில் லாட்ஜ். எதிர் ரூம் டாக்டர். மீட்டருக்குச் சார்ஜ் போட்டாச்சா என்று மருமகனை அவர் இரண்டு தடவை கேட்டது இங்கே வரை காதில் விழுந்தது.

ஜூலை 26, சனி

எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒவ்வொரு தூரத்துக்கும் பத்துக் குண்டு. நூறு மீ.: எனக்கு ஒன்பது, டாக்டருக்கும் ஒன்பது. நூற்றைம்பது மீ.: எனக்கு எட்டு, அவருக்கு ஒன்பது. ஒன்று பின்னால். அதுவரை காற்று தூங்கிக்கொண்டிருந்தது.

டீ குடித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டது. கணவாய் வழியாக இறங்கி வரும் அதே ஆடிக் காற்று. இருநூறு மீட்டருக்கு என் முறை முதலில், டாக்டர் முறை அடுத்த வரிசையில். படுத்தேன். இவர் பக்கத்தில் போனோடு குனிந்தார். மேற்குதானே என்றார். மேக்காத்துதான், நடுவேகம் என்றேன். எல் பக்கம், அதாவது இடதுக்கு, இத்தனை கிளிக் என்றார். திருகினேன்.

முதல் குண்டு. தகடு அசையவில்லை. புழுதி கிழக்கே, நன்றாகத் தள்ளி.

"கெழக்க போயிருச்சுங்க, ஒரு மீட்டர் இருக்கும்."

அப்படியென்றால் காற்றை நாம் குறைத்துப் போட்டுவிட்டோம், இன்னும் எல் பக்கம் போ என்றார். திருகினேன். கேள்வி கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா.

இரண்டாவது. இன்னும் கிழக்கே. இவர் இன்னும் எல் பக்கம் என்றார்.

மூன்றாவது. "டங்" என்று அருமையான சத்தம். என் தகடு அப்படியே இருக்கிறது. பக்கத்து லேனில் திண்டுக்கல் தம்பியின் தகடு விழுந்து கிடக்கிறது. அந்தத் தம்பி இன்னும் துப்பாக்கியில் குண்டே போடவில்லை.

"அக்கா, எனக்கும் சேத்து நீங்களே சுடுறீங்களா?" என்று கேட்டான். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் சிரித்தது தனியாகக் கேட்டது.

காது சுட்டது. மூன்று போச்சு. எழுந்து அந்தப் போனைத் திராட்சைத் தோட்டத்துக்குள் வீசலாமா என்று இருந்தது. அடுத்த குண்டைப் போடப் போல்ட்டைத் திறந்தால் நறநறவென்று மண். போல்ட் வலது பக்கம். மண் வரக்கூடாது என்றுதானே பையை எப்போதும் போலக் காற்று வருகிற பக்கம் அணைவாக வைத்திருக்கிறேன்? திரும்பிப் பார்த்தேன். பை இடது பக்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஒரு பொட்டு மண் இல்லை. மண் முழுக்க வலது கையில் வந்து அப்புகிறது.

அப்போதுதான் உறைத்தது. தேனியில் நாங்கள் வடக்கே பார்த்துச் சுடுகிறோம். மேற்கு இடது பக்கம். இங்கே தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறேன். மேற்கு வலது பக்கம் வந்துவிட்டது. நான் மேக்காத்து என்கிறேன், இவர் மனப்பாடமாக ஒன்பது மணி என்கிறார். காற்று மூன்று மணியில் இருந்து வந்து இவர் சட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது, மனிதர் அதைப் பிடித்துக்கொண்டே போனைப் பார்க்கிறார். காற்று குண்டைத் தள்ளுகிற பக்கமே நாங்களும் ஸ்கோப்பைத் தள்ளியிருக்கிறோம். நான் கிழக்கே என்று சொல்லச் சொல்ல, இவருக்கு அது வலது. ஆகவே இன்னும் இடது. குழி தோண்டத் தோண்ட மண்வெட்டி நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பக்கம் மாறிவிட்டதைச் சொன்னதும் இவருக்கும் முகம் செத்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து போடட்டுமா என்றார். மணி ஓடிக்கொண்டிருந்தது.

"அழிக்காதீங்க. மொதல்ல சொன்ன எண்ணு சரிதான். பக்கத்த மட்டும் மாத்துங்க."

எத்தனை கிளிக் என்று ஆப் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு ஆர் பக்கம் திருகினேன். அடுத்த குண்டு. என் தகடு. விழுந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நிதானம் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை. பந்தல் மேல் நாடாவைப் பார்த்தேன். அது படுக்கையாக நீட்டிக்கொண்டு நடுங்கும்போது ஆப் சொன்ன எண் அப்படியே சரி. தொய்ந்து விழும்போது குண்டு அவ்வளவு தள்ளிப் போகாது, தகட்டின் நடுவில் இருந்து அதற்கேற்ப நகர்த்திப் பிடித்தேன். இவரிடம் எதுவும் கேட்கவில்லை. இவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டாவது குண்டு, எல்லாம் தகடு. ஒன்பது தப்பியது, அது என் அவசரம். பத்தாவது குண்டுக்கு, நாடா படுக்கையாக நீளும் வரை காத்திருந்தேன். விரல் அம்மியை நகர்த்தியது. டங்.

ஏழில் ஆறு. மொத்தம் இருபத்து மூன்று.

டாக்டருக்கு ஐந்து வந்தாலே சமம். ஆறு வந்தால் நாங்கள் வீட்டுக்கு. போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சீமைக்காரியைத் தோளில் அணைத்து எவ்வளவு அழகாகப் படுக்கிறார் மனிதர். மருமகன் மீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிற்பது எங்கே? லேனை விட்டு ஒதுங்கி, தென்னந்தோப்பு நிழலுக்குள்ளே. அங்கே காற்று ஒரு தினுசு, தோப்பைத் தாண்டித் திராட்சை மேல் ஒரு தினுசு. பந்தலில் நாடா விறைத்துக்கொண்டு நிற்கிறது, மீட்டர் பாவம் தன் தலைக்கு மேல் வருகிற தென்றலை அளந்து அனுப்புகிறது. அவர் போனும் அதை நம்பிக் கிளிக் சொல்கிறது. பக்கம் சரிதான், அளவு போதவில்லை. புழுதி தகட்டை ஒட்டி, கிழக்கே, கிழக்கே. காற்று நின்றுபோன நேரத்தில் சுட்டதற்கு மட்டும் தகடு விழுந்தது.

ஒன்பது குண்டில் நான்கு. கடைசிக் குண்டு.

அது தப்ப வேண்டும் என்று மனதார ஜெபம் செய்தேன். நாளை ஆராதனையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நாடா படுக்கையாக நீண்டிருந்தது. டாக்டர் சுட்டார். புழுதி கிழக்கே எழுந்தது, பொன் மாதிரி, மெதுவாக.

இருபத்து இரண்டு. நாங்கள் இருபத்து மூன்று.

இவர் அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாம்பரத்துப் பழக்கம். விடவில்லை நான்.

மொத்தத்தில் முதல் இடம் திண்டுக்கல் தம்பி ஜோடி, நாங்கள் இரண்டாவது. நான் விழத்தட்டிய தகடு கணக்கில் சேரவில்லை என்று அவனுக்கு வருத்தம் வேறு. செயலாளர் வந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்லம்மா" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பார்த்தேன். அவர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. முழங்கை தோல் உரிந்திருக்கிறது. ஆராதனையில் பிரசங்கம் தாழ்மையைப் பற்றி. போதகருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் டாக்டரே போன் செய்தார். ஆப்பில் ஏதோ அப்டேட் கோளாறு போலத் தெரிகிறது என்றார். அப்போது சொல்லிவிட்டேன், தோப்பு நிழலையும் நாடாவையும். நேற்றே சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை, அதில் வருத்தமும் இல்லை. பிறகு, "நான் மீட்டரத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அதைச் சொல்ல மனசு வேண்டும். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது. ஒரு காபி குடிக்கிற நேரம் இருந்தது அந்தச் சங்கடம்.

நம்பலாமா என்று இவரும் நானும் சாயங்காலம் முழுக்கப் பேசி ஒத்துக்கொண்டது:
குண்டு எவ்வளவு இறங்கும் - நம்பலாம், சொந்தத் துப்பாக்கி வேகத்தைக் கொடுத்திருந்தால்.
காற்றுக்கு எத்தனை கிளிக் - கணக்கை நம்பலாம். காற்றை அதற்குத் தெரியாது, நாம் சொன்னதுதான்.
எந்தப் பக்கம் - படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வது. புது இடத்தில் கட்டாயம்.
கணவர் - மேற்படி.

கடைசி வரியை இவர் படித்துவிட்டார். டைரியை ஒளித்து வைக்க வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

கடை மத்தியானம் வரை. டாக்டர் வீட்டில் இருந்து மோட்டாருக்கு ஆர்டர், ஒன்றரை எச்.பி.

நான்கு மணிக்குக் கழகம். செயலாளர் பதிவேட்டில் என் பெயரை எழுதினார், எழுத்துப் பிழை இல்லாமல். டாக்டரும் அவர் வீட்டம்மாவும் வந்திருந்தாக. பீரோவைத் திறந்து டாக்டரே சீமைக்காரியை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். கனம். நினைத்ததைவிடக் கனம். ட்ரிக்கரை வெறுமனே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் சுட்டிருக்கிறார். இப்படி ஒன்று இல்லாமல் நான் ஜெயித்திருக்கிறேன்.

துப்பாக்கிக் கட்டையில் டாக்டர் பெயர் போட்ட ஸ்டிக்கர், படிப்புப் பட்டங்களோடு. உரிக்கட்டுமா என்று கேட்டேன். உரிம்மா என்றார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன். பெயர் வந்துவிட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி விட்டால் காலையில் துடைத்தாற்போல வந்துரும் என்றாக அவர் வீட்டம்மா.

தடவிவிட்டு வந்திருக்கிறேன்.